பஸ், சத்தியமாகக் கடைசி

கோப்பின் பெயர் பஸ்.
தயாரிப்பாளர் வைத்த பெயர் வேறு,
அது போஸ்டரில் வரும், நெருப்பெழுத்தில்.
எனக்கு இது பஸ் பதினொன்று, பஸ் பதினொன்று புதிது,
பஸ் இதுதான் கடைசி,
பஸ் சத்தியமாகக் கடைசி.

சாலிகிராமத்தில் இரண்டாம் மாடி.
கீழே மாவு மில்.
மில் ஓடினால் திரையில்
விண்கலம் லேசாக நடுங்கும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

வந்த தாளில் நான்கே வரி:
படைவீரர்கள் இருநூற்று நாற்பது.
பதினோரு நாள் பயணம்.
பார்த்தால் பயம் வர வேண்டும்.
திரையில் ஒன்பது நொடி.

பயம் சுலபம்.
மூக்கைக் கூராக்கி, சன்னல்களை எடுத்துவிட்டால் வந்துவிடும்.
இருநூற்று நாற்பதுதான் பாடு.
ஓர் ஆள் என்பது எத்தனை அங்குலம்?

மாலை ஆறு நாற்பதுக்குக் கிண்டி போனேன்,
கைப்பையில் தையல் டேப்போடு.
தாம்பரம் வண்டி, பெண்கள் பெட்டி.
முதுகில் யாரோ டிபன் பாக்ஸ், விலாவில் யாரோ முழங்கை.
நான் மூச்சை இழுக்கும்போது
பக்கத்திலிருப்பவள் விட வேண்டும்,
அப்படி ஓர் ஒப்பந்தம்.
பரங்கிமலைக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில்
டேப்பை அவள் தோளில் வைத்தேன்.
"என்னம்மா, ஜாக்கெட்டா?"
"இல்லக்கா, கப்பலுக்கு."
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப ஒரு இஞ்ச் சேத்துப் போடு.
கப்பல்ல போறவங்க தூங்குவாங்க."

பதினாறு அங்குலம்.
அக்காவுக்காகப் பதினேழு.
நான்கு வரிசை, வரிசைக்கு அறுபது பேர்:
அந்த ஓர் அங்குலத்தில்
ஐந்தடி நீண்டுவிட்டது கலம்.
மூக்கு மழுங்கியது.
"கூட்ஸ் வண்டி மாதிரி இருக்கே" என்றார் இயக்குநர்.

நெருப்பும் புகையும் ஷகிலா பானுவின் பொறுப்பு.
நாற்காலியோடு உருண்டு வந்து கேட்டாள்:
"பதினோரு நாள். பாத்ரூம் எங்கடி?"
ஆறு வைத்தேன்.
துப்பாக்கி மாட்ட இடம் தாளிலேயே இருந்தது,
வாந்தியெடுக்க இடம் இல்லை,
அதையும் வைத்தேன்.
எதிரே இருப்பவன் முழங்காலில் இடிக்காமலிருக்க
இரண்டு விரல் இடைவெளி.
கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள்.
கேமரா அந்தப் பக்கமே போகாது.
இருந்தாலும் அந்தத் தாழ்ப்பாள் போடும், திறக்கும்.

வீரர்களுக்கு முகம் வேண்டும்.
ஒன்று செய்து நகலெடுப்பதுதான் வழக்கம்.
பரோட்டா கொண்டுவந்தவனை நிறுத்தி
நாலாபக்கமும் படமெடுத்தேன்.
பெயர் மகிமைதாஸ், ஊர் வியாசர்பாடி.
"சிரிக்கவா மேடம்?"
வேண்டாம் என்றேன்.
கழற்றிய ஹெல்மெட்டின் தடம் நெற்றியில் இருந்தது.
அதை அழிக்க மனம் வரவில்லை.
நள்ளிரவுக்குள்
இருநூற்று நாற்பது மகிமைதாஸ்,
எல்லா நெற்றியிலும் அதே தடம்,
வார்ப்பட்டைக்குள் அடங்கி,
யாரும் சிரிக்காமல்.

வியாழக்கிழமை போன் வந்தது.
"கதை மாறிடுச்சும்மா.
எறங்கறதுக்கு முன்னாடியே வெடிச்சிடுது.
ரெண்டு செகண்ட் போதும்.
உள்ள ஆளுங்க வேணாம், ரெண்டர் இழுக்குது."
சரி சார் என்றேன்.
சம்பளம் ஐந்தாம் தேதி. வேறென்ன சொல்ல?

முகம் ஒன்றுதானே,
எல்லாரையும் தேர்ந்தெடுக்க ஒரு சொடுக்கு,
அழிக்க ஒரு பொத்தான்.
காலி இருக்கைகள் மேல்
வார்ப்பட்டைகள் மட்டும் தோள் வடிவில் நின்றன.
ஷகிலா எரிபொருள் தொட்டியில் முதல் பொறியை வைத்தாள்.
"ஆளில்லன்னா தீ எவ்வளவு அழகா ஓடுது பாரு."
சொல்லிவிட்டு அவளே எழுந்து
தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்போதுதான் கணக்கைப் பார்த்தேன்.
இருநூற்று முப்பத்தொன்பது நீக்கப்பட்டன.

ஒருவன் குறைகிறான்.
இருக்கைக்கு அடியில் தேடினேன், சரக்கறையில் தேடினேன்.
பிறகு ஞாபகம் வந்தது:
தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க
செவ்வாய்க்கிழமை ஒருவனை
மூன்றாம் கழிவறைக்குள் விட்டிருந்தேன்.
பூட்டிய அடுக்கு. தேர்வில் சிக்கவில்லை.

ரெண்டர் விடிய விடிய ஓடியது.
கீழே மில் நின்றுவிட்டதால்
திரை நடுங்கவே இல்லை.
பன்னிரண்டாம் ஃபிரேமில் பொறி.
முப்பத்தொன்றில் கலம் நெடுகக் கிழிகிறது,
அக்கா கொடுத்த அங்குலங்கள் எல்லாம் பறக்கின்றன.
நாற்பத்தெட்டோடு ஷாட் முடிகிறது.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
புகைக்குள்ளே, கட்டைவிரல் நகமளவு,
அந்தக் கதவு
அப்போதும் தாழிட்டபடி.